பக்கத்தில் இருப்பவர்



உடம்பில் நோய் கண்ட வீட்டுக்கு உறவினர் பழம் வாங்கிக்கொண்டு வருவர். மனத்தில் நோய் கண்ட வீட்டைக் கடக்கும்போது அவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்வர். இதனை நான் எந்த நூலிலும் படித்து எழுதவில்லை. என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டதையே எழுதுகிறேன்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோர்க்குப் பயன்படுமாறு ஏதேனும் எழுத வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது தயங்கினேன். வீட்டுச் செய்தியை வெளியில் சொல்லலாமா என்பது ஒரு தயக்கம். நான் மருத்துவன் அல்லன் என்பது மற்றொரு தயக்கம். தோட்டப் பகுதித் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். முதல் தயக்கத்துக்கு என் தம்பியே விடை சொன்னான். “எழுதுங்கள் அண்ணா. என் பெயரை மட்டும் போடாதீர்கள்” என்றான். இரண்டாம் தயக்கத்துக்கு நானே விடை கண்டேன். மருந்தின் பெருமை சிறுமைகளை மருத்துவர் சொல்லட்டும். மருந்தை வேளை தவறாமல் கொடுப்பது எப்படி என்பதை நான் சொல்லலாம் அல்லவா?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் இருந்து அம்மருந்தைக் கொடுப்பவரையும் ஒரு கூறாக எண்ணுகிறார். அக்குறளைப் பல ஆண்டு மாணவர்க்குக் கற்பித்தேன். அந்த நான்காம் கூற்றின் பொருளை என் தம்பி நோயுற்ற பிறகே உணர்ந்தேன்.

எங்கள் தந்தையார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வண்டிப்பெரியாற்றை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர். பிள்ளைகள் மூவர். நான் மூத்தவன். எனக்கு அடுத்தவளாகிய தங்கை பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இளையவன் தம்பி. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது தம்பியின் வேலையும் போயிற்று. 2003இல், அவனுடைய இருபத்துநான்காம் வயதில், நோய் வெளிப்பட்டது. வேலை போன கவலையால் வந்தது என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். இத்தகைய நோய்க்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்ட இயலாது என்று டாக்டர் பின்னர் எனக்கு விளக்கினார்.

அவன் உறங்கவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றான். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டான். நான்காம் நாள் இரவு மழையில் காட்டுப் பக்கம் ஓடிய அவனைப் பிடித்து வந்து, நானும் அண்டை வீட்டார் இருவரும் லயத்துத் தூணில் கயிற்றால் கட்டினோம்.

இதனைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றே எண்ணினேன். ஆனால் இன்றும் சில வீடுகளில் அது நடப்பதால் சொல்லுகிறேன். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். அச்செய்தியை வகுப்பில் மாணவர்க்கு வாசித்துக் காட்டி, “இப்படியும் கட்டி வைப்பார்களா?” என்று கேட்டவன் நான். இரண்டே ஆண்டில் என் கையாலேயே என் தம்பியைக் கட்டினேன். கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் கட்டுவதில்லை. வேறு வழி அறியாமையாலேயே கட்டுகிறோம். ஆதலால் அந்த வேறு வழியைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் எங்கள் தாயாரும் பக்கத்து வீட்டு இளைஞரும் அவனை அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். எனக்குப் பள்ளியில் தேர்வு, நான் செல்லவில்லை. அங்கே நடந்ததைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன். டாக்டர் நல்லவர், பொறுமையாகவே கேட்டிருக்கிறார். “விஷமம் உண்டோ?” என்று மலையாளத்தில் வினவினார். அம்மொழியில் விஷமம் என்றால் மனவருத்தம். லயத்துக்கு வெளியே அதிகம் பழகாத எங்கள் தாயார், “ஐயோ, கிடையவே கிடையாது ஐயா! சின்ன வயதிலிருந்தே சாது. ஒரு விஷமமும் செய்யமாட்டான்” என்று விடை கூறினார். வருத்தம் ஒன்றும் இல்லை என்று சீட்டில் பதிவாயிற்று.

அடுத்த முறை தம்பியையே பார்த்து, “பேடி உண்டோ?” என்று கேட்டார். அச்சம் உண்டா என்பது அதன் பொருள். தமிழ்ப் பள்ளியில் படித்த தம்பிக்குக் கடைவீதி அளவுக்கே மலையாளம் தெரியும். நல்ல நிலையில் இருந்திருந்தால் பொருளை ஊகித்திருப்பான். எல்லாரையும் ஐயுற்றுக்கொண்டிருந்த அந்நாளில், தன்னை ஆண்மையற்றவன் என்று இழிவாகப் பேசியதாகவே கொண்டான். எழுந்து வெளியே போனவன் ஆறு மாத காலம் எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்கவில்லை.

ஒரு சொல்லால் ஆறு மாதம் போயிற்று. வயிற்று வலியானால் தொட்டுக் காட்டலாம். மனநோய்க்கு மருத்துவரின் பெருங்கருவி மொழிதான். ஆதலின் எல்லைப் பகுதியில் வாழும் நாம் முதலில் செய்ய வேண்டுவது, இரு மொழியும் நன்கு அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதாகும். மலையாளப் பள்ளியில் படிக்கிறான் என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தகப்பன் சாக விரும்புகிறான் என்பதை அவன் பெற்ற பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது பெரும் பாவம். உடன் வருபவர் தம் கருத்தைச் சேர்க்காமல், நோயாளி சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். கேட்டதை வெளியில் பேசாதவராகவும் இருக்க வேண்டும். எழுத்து வழி விண்ணப்பம் செய்வோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது.

இரண்டாவது பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2006 அளவில் தம்பி ஓரளவு தேறியிருந்தான். சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மலை இறங்கினோம். நன்றாகத்தானே இருக்கிறான், விழா நாளில் எதற்கு மாத்திரை என்று தாயார் சொன்னார், நானும் மறுக்கவில்லை. மருந்துச் சீட்டு வீட்டிலேயே கிடந்தது. பத்து நாளில் உறக்கம் போயிற்று; குரல்கள் மீண்டும் வந்தன. பதறிப்போய் அங்கேயே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டார். “வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று” என்றோம். அவர் வேறு என்ன செய்வார்? புதிதாக எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பியதும், இரண்டும் நல்லதுதானே என்று தாயார் பழையதையும் புதியதையும் சேர்த்தே கொடுத்தார். இரண்டும் ஒரே இனத்து மருந்துகள். மூன்றாம் நாள் தம்பிக்கு நாக்கு மரத்தது; கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது; எச்சில் ஒழுகியது. அவனைவிட நாங்கள் மிக அஞ்சினோம். மருத்துவமனையில் ஊசி போட்டுச் சரி செய்தனர். குற்றம் எந்த மருத்துவர்மேலும் இல்லை. முழுக் குற்றமும் எங்களுடையதே.

இவ்விரு பிழைகளையும் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. எல்லையில் வாழும் நமக்கு இரு பக்கத்து மருத்துவமனைகளும் அருகில் இருக்கின்றன. கம்பம், தேனி, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று ஒரு பக்கம். பீர்மேடு, தொடுபுழை, சிற்றூர், பாலக்காடு என்று மறு பக்கம். திருமணம், திருவிழா, இழவு, வேலை என்று ஆண்டில் பல முறை மலை ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு முறை எல்லை கடக்கும்போதும் சிகிச்சையின் இழை அறுந்து போகிறது. மருத்துவர் மாறுவர், மொழி மாறும், மாத்திரையின் நிறமும் மாறும். மாறாமல் உடன் வருபவர் நாம்தாம். அந்த இழை அறாமல் காப்பதே பக்கத்தில் இருப்பவரின் தலையாய கடமை என்பது என் துணிபு.

அதற்கு நான் கண்ட வழி மிக எளியது. இருபது ரூபாய்க் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். அதில் எழுத வேண்டியவை இவை: மருந்தின் பெயரைச் சீட்டில் உள்ள ஆங்கில எழுத்திலேயே பார்த்து எழுத வேண்டும், கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் உள்பெயரையும் மருந்தாளரிடம் கேட்டு எழுத வேண்டும். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் ஏன் மாற்றப்பட்டது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மாத ஊசி போட்ட நாளும் அடுத்து வரும் நாளும், இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை வரிசையாகக் குறிக்க வேண்டும். நாள்தோறும் ஒரு வரி போதும்: எத்தனை மணி உறங்கினார், உண்டாரா, குளித்தாரா, என்ன சொன்னார். அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். ‘பைத்தியம் போல் பேசினான்’ என்று எழுதினால் மருத்துவர்க்கு ஒன்றும் விளங்காது. ‘வானொலியில் தன் பெயரைச் சொல்வதாகக் கூறினான்’ என்று எழுதினால் விளங்கும்.

ஓராண்டுக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது, நோய் முற்றுமுன் வரும் அடையாளங்கள் தெரிந்தன. என் தம்பிக்கு முதலில் உறக்கம் குறையும். பிறகு தேநீரில் சர்க்கரை மிகுதியாகக் கேட்பான். பிறகு சன்னலை மூடத் தொடங்குவான். ஒவ்வொருவர்க்கும் இவ்வடையாளம் வேறுபடும். சன்னல் மூடப்படும் வரை காத்திராமல், உறக்கம் குறைந்த அன்றே மருத்துவரைக் காண்பது என்று அவனும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். அவன் நல்ல நிலையில் இருந்தபோது அவனைக் கலந்து செய்த முடிவாதலால், பின்னாளில் அவன் மறுக்கவில்லை.

மருந்தைப் பற்றிச் சில செய்திகள். இம்மருந்துகள் முழுப் பயன் தர வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாளில் குணமில்லை என்று நிறுத்தலாகாது. குணமானது போலத் தோன்றும்போதும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. கை நடுக்கம், உடல் விறைப்பு, இருக்கை கொள்ளாத தவிப்பு, அளவு மீறிய உறக்கம், உடல் பெருத்தல் ஆகியவை சிலர்க்கு மருந்தால் வருவன. சோம்பல் என்று ஏசாமல் அவற்றைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மருத்துவர் மருந்தையோ அளவையோ மாற்றுவார். லித்தியம் உட்கொள்பவர்க்கு உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் மருந்தே நஞ்சாகக்கூடும். மலைக் குளிரிலிருந்து சித்திரை, வைகாசியில் பாலக்காட்டு வெயிலுக்கு இறங்குவோர் இதனை மறக்கலாகாது. வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறிய பேச்சு கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளோசபின் உட்கொள்பவர்க்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் சாதாரணமாக எண்ணாமல் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். இரத்தத்தின் வெள்ளை அணுக்களை அம்மருந்து குறைப்பதுண்டு.

வெளியூர் செல்லும்போது தங்கும் நாளுக்கு வேண்டிய மருந்தோடு ஒரு வார மருந்து கூடுதலாகவும், குறிப்பேடும், கடைசி மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் பெட்டி தொலையும்போது அவையும் தொலையும். கோயிலுக்கோ தர்காவுக்கோ செல்வதை நான் தடுக்கவில்லை. எங்கள் தாயார் செல்லாத கோயில் இல்லை. அவருக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது. மாத்திரைப் பையும் உடன் சென்றால் போதும்.

குறிப்பேட்டின் அருமையை 2020இல் முழுவதும் உணர்ந்தேன். தம்பி அப்போது தங்கை வீட்டில் இருந்தான். வண்டிப்பெரியாற்றிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போக, குமுளியில் இறங்கிக் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கேரளத்துக்குள் நுழைவதே எங்கள் வழக்கம். மார்ச்சு மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. எல்லைச் சாவடிகள் அடைபட்டன. வழக்கமான டாக்டர் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம். தங்கையிடம் குறிப்பேட்டின் படி ஒன்று இருந்தது. அதனைக் கண்ட ஆஷா பணியாளர் சகோதரி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் ஒப்புதலோடு அதே மருந்தை வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வேளையும் தவறவில்லை. அந்தச் சகோதரிக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மாவட்ட மனநலத் திட்டம் என்றேனே, அது 1996இல் தொடங்கப்பட்ட அரசுத் திட்டம். கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் அது நடைபெறுகிறது. குறித்த நாளில் மனநல மருத்துவர் குழு வட்டார மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறது, மருந்தும் இலவசம். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்பதை ஆஷா பணியாளரையோ ஆரம்பச் சுகாதார நிலையத்தையோ கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய நிலையில் திருவனந்தபுரம், திரிச்சூர், கோழிக்கோடு ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மனநல மையங்கள் உள்ளன.

சட்டமும் இன்று நமக்குத் துணையாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை அது தடை செய்கிறது. வயது வந்த எவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரை நியமனப் பிரதிநிதியாக, வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு அமர்த்திக்கொள்ளலாம். தாமாக முடிவு செய்ய இயலாத அளவுக்கு நோய் கடுமையானால், மருத்துவமனையில் சேர்ப்பது முதலியவற்றில் மருத்துவர்கள் அப்பிரதிநிதியையே கலந்துகொள்வர். என் தம்பி எங்கள் தங்கையை நியமித்தான். என்னை நியமிக்கவில்லை என்று முதலில் வருத்தமாக இருந்தது. “அண்ணா, நீங்கள் என்னைக் கட்டிப் போட்டவர்” என்று அவன் சொன்னபோது, அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான் என்றாலும், நான் வாய் திறக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுடையது.

அவசர நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை முதற்சிகிச்சை அளிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மனநல மருத்துவர் இல்லாத மலைத் தோட்டத்துக்கு இது பெரிய உதவி. வழி தெரியாமல் திரியும் நோயாளியைப் போலீசார் சிறையறையில் அடைத்து வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டை விட்டுப் போனவர் எல்லை தாண்டியிருக்கக்கூடும் ஆதலால், இரு பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகைப்படத்தோடு தெரிவியுங்கள். சட்டைப் பையில் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் இருப்பது நன்று. நோயின் கடுமைக்கேற்ப அரசு மருத்துவக் குழு வழங்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுவதும் செல்லும். எல்லையில் வாழ்வோர் அதனைப் பெற்றுக்கொள்வது நலம்.

இனி, சொல்லக் கூசும் ஒரு செய்தி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நோயாளிக்கு வருவதுண்டு. “நான் இருந்து என்ன பயன்?” என்று அவர் சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள். “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வந்துவிடாது. பாரம் சற்று இறங்கும். தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தும் வீட்டிலுள்ள மாத்திரைகளும் பூட்டுக்குள் இருக்கட்டும்; சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுச் சேவை அது, தமிழிலும் பேசுவர். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 ஆம்புலன்சை இரு மாநிலத்திலும் அழைக்கலாம். வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றே மேற்சொன்ன சட்டம் விதிக்கிறது.

வீட்டில் நாம் பேசும் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952இல் பாரிசு நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகே, வாழ்நாள் முழுதும் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருந்திருக்க வேண்டிய பலர் வீடு திரும்ப முடிந்தது. அவ்வாறு திரும்பியவர்களில் யார் மீண்டும் நோயுறுகிறார்கள் என்று இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஓயாமல் குறை கூறும் வீட்டுக்கும், ஒரு நொடியும் விடாமல் பதறிக் கவலைப்படும் வீட்டுக்கும் திரும்பியவர்களே விரைவில் மீண்டும் நோயுற்றனர் என்று கண்டனர். நம் நாட்டிலோ 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனைத் திடலில் கூடாரம் அமைத்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்க வைத்தார். 1957இல் வேலூரில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்சு தொடங்கிய மனநல மையமும் உறவினரை உடன் தங்க வைத்தே சிகிச்சை அளித்தது. குடும்பம் நோய்க்குக் காரணம் என்று பழி போடாமல், குடும்பத்துக்கும் கற்பித்தால் அது மருந்தாகும் என்று அவர்கள் கண்டனர். மலையாளக் குடும்பத்தில் பிறந்து, 1961 முதல் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1984இல் ஸ்கார்ஃப் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தையும் தொடங்கிய டாக்டர் சாரதா மேனனும் குடும்பத்தின் பங்கையும் மறுவாழ்வையும் வற்புறுத்தியவரே.

ஆகவே, ‘எழுந்திரு, சோம்பேறி’ என்னும் சொல்லை எங்கள் வீட்டில் விட்டோம். சிறு வேலை ஒன்றைக் கொடுத்து, செய்தால் நன்று என்றோம். செய்யாவிட்டால் நாளை பார்க்கலாம் என்றோம். குரல் கேட்கிறது என்று அவன் சொல்லும்போது, இல்லை என்று வாதிடுவதையும் ஆம் என்று தலையாட்டுவதையும் விட்டு, “எனக்குக் கேட்கவில்லை, உனக்கு அச்சமாக இருக்கும், உட்கார்” என்போம். திருமணம் செய்து வைத்தால் சரியாகும் என்று உறவினர் பலர் வந்தனர். நோயை மறைத்து ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைக்க நாங்கள் உடன்படவில்லை. நோயுற்றவர் தேறிய பின், உண்மையைச் சொல்லி, இருவரும் விரும்பிச் செய்துகொள்ளும் திருமணம் வேறு.

கடைசியாக, பக்கத்தில் இருப்பவரும் மனிதரே. எங்கள் தாயார் ஏழு ஆண்டு ஒரு நாளும் ஓயாமல் அவனைப் பார்த்துக்கொண்டார். தம் நெஞ்சு வலியை யாரிடமும் சொல்லவில்லை. அவர் மறைந்த பிறகே, அவர் தலைமாட்டில் வாங்கியும் உண்ணாத மாத்திரைகளைக் கண்டோம். அன்று நானும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்தோம். ஆண்டில் எட்டு மாதம் என் வீடு, நான்கு மாதம் அவள் வீடு. எவர்க்கும் முழுப் பாரம் இல்லை. பாரத்தைப் பகிர்வது அன்பில் குறைவு ஆகாது. உறவு இல்லாதவர்க்கு அண்டை வீட்டார் மாதம் ஒரு நாள் துணை இருந்தாலும் பேருதவி.

இன்று தம்பி நான்கு ஆடு வளர்க்கிறான். சில நாள் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கும் செல்கிறான். நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு முறை சன்னல் மூடப்பட்டது. பத்து நாளில் திறந்தது. குறிப்பேட்டை இப்போது அவனே எழுதுகிறான். சென்ற மாதம் புரட்டிப் பார்த்தேன். தன் உறக்கம், தன் மாத்திரை இவற்றுக்குக் கீழே, “அண்ணனுக்கு இரத்த அழுத்த மாத்திரை வியாழனோடு தீர்கிறது. வாங்க வேண்டும்” என்று எழுதியிருந்தான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இரு மொழியும் அறிந்த, வாய் அடக்கம் உள்ள அன்பர் இருவரை ஒவ்வொரு கிளையிலும் தேர்ந்து, மனநல மருத்துவர் வரும் நாளில் மருத்துவமனையில் இருக்கச் செய்ய வேண்டும். பணச் செலவு அதிகம் இல்லை. அன்று அங்கே அப்படி ஒருவர் இருந்திருந்தால் எங்கள் தாயார் விஷமம் என்ற சொல்லுக்குச் சரியான விடை சொல்லியிருப்பார். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.